ஒரே வெட்டில் தலை விழுந்தால் ரத்தம் தங்குமா?

தேவிபட்டினத்தான்:
நேற்று கந்தூரிச் சோறு பற்றிய பேச்சில் கீழக்கரைக்காரர் ஒருவர், "கோயிலில் ஒரே வெட்டில் தலையை எடுத்த கிடாவில் ரத்தம் தங்கிவிடும், கறி சீக்கிரம் கெட்டுப்போகும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் முனியசாமிக்கு வருஷா வருஷம் வெட்டுகிறோம். தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலிர்த்த பிறகுதான் அரிவாள் இறங்கும். பீறிட்ட ரத்தத்தைச் சட்டியில் பிடித்துப் பொரியல் செய்து சாப்பிட்டவர்கள் நாங்கள். தங்கியிருந்தால் சட்டிக்கு எப்படி வந்தது?

கீழக்கரை கறிக்கடை:
எழுதியது நான்தான். மூன்று தலைமுறையாக அறுக்கிறோம். கத்தி மூச்சுக்குழல், உணவுக்குழல், இரு பக்கத்து ரத்தக் குழாய்கள் வரைதான் போகும். கழுத்தெலும்பைத் தொடாது. தண்டுவடம் அறாமல் இருந்தால்தான் இதயம் துடித்து ரத்தத்தை வெளியே தள்ளும். தலை போனால் இதயம் நிற்கும், ரத்தம் தங்கும்.

மண்டபம் மாணவி:
அண்ணே, நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். துடிப்பு இதயத்துக்குள்ளேயே பிறப்பது. தலை போனாலும் கொஞ்ச நேரம் துடிக்கும். எப்படி அறுத்தாலும் ஒரு பங்கு ரத்தம் உடம்பில் நிற்கத்தான் செய்யும். கறி கெடுவதற்கு அலைச்சலும் பயமும் பெரிய காரணம். வண்டியில் அடைத்து மிரட்டிக் கொண்டுவந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அப்புறம் கறியில் போதிய அமிலம் உண்டாகாது. கறுத்துப்போய்ச் சீக்கிரம் கெடும். ஆட்டுத்தொட்டிகளுக்கான, அதாவது அறுப்புக் கூடங்களுக்கான, 2001ஆம் ஆண்டு விதிகள், மற்ற ஆடுகள் பார்க்க ஓர் ஆட்டை அறுக்கக் கூடாது என்கின்றன.

கீழக்கரை கறிக்கடை:
ஆட்டின் முன்னால் கத்தி தீட்டாதே, ஒன்று பார்க்க மற்றொன்றை அறுக்காதே என்று எங்கள் மார்க்கம் எப்போதோ சொல்லிவிட்டது. 2001 வரை நாங்கள் காத்திருக்கவில்லை தங்கச்சி. ரத்தம் தங்கும் என்றால் தங்கும்.

தொண்டிக்காரன்:
எந்த ஆட்டைப் பேசுகிறீர்கள்? ராமநாதபுரம் வெள்ளை என்று நம் மாவட்டப் பெயரிலேயே செம்மறி இனம் இருக்கிறது. ஆனால் கடையில் கேட்டால் எல்லாமே வெள்ளாடுதான்!

கீழக்கரை கறிக்கடை:
என் கடையில் வாலோடுதான் தொங்கும். வாலைப் பார்த்து வாங்குங்கள். போன மாதம் கருவாட்டுப் பேச்சில் பாதியில் ஓடியவர்தானே நீங்கள்?

தேவிபட்டினத்தான்:
பேச்சை மாற்றாதீர்கள் பாய். 2003இல் கோயிலில் ஆடு வெட்டத் தடை என்றார்கள். அடுத்த வருஷமே, அந்தத் தடைக்கு ஆதாரமாகக் காட்டிய 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தையே நீக்கினார்கள். அப்போதும் குறை சொன்னது எங்கள் வெட்டைத்தான். சட்டியில் விழுந்த ரத்தத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கீழக்கரை கறிக்கடை:
சட்டியில் விழுந்தது பாதி. மீதி கறியில்.

மண்டபம் மாணவி:
அளந்து பார்த்தீர்களா?

கீழக்கரை கறிக்கடை:
தோலை உரிக்கும்போதே கைக்குத் தெரியும். உங்கள் கல்லூரியில் எத்தனை ஆடு உரித்தீர்கள்? நான் தினமும் சுபுஹு தொழுதுவிட்டு வந்து உரிக்கிறேன். ரத்தம் தங்கும்.

தேவிபட்டினத்தான்:
தங்காது.

தொண்டிக்காரன்:
நான் ஓடவில்லை, கடலுக்குப் போயிருந்தேன். வெள்ளாட்டு வாலைச் செம்மறித் தொடையில் கட்டித் தொங்கவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?