2019 தார் 700, சிங்கிள் ஓனர்: என்ன விலை சொல்லலாம்?

உடுமலைக்காரன்:

வணக்கம். அப்பாவின் மஹிந்திரா தார் 700 ஜீப்பை விற்கப் போகிறோம். 2019 ஜூலையில் எடுத்தது, அக்வாமரின் நிறம், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தோட்டத்துக்கும் வால்பாறைக்கும் போய்வர ஆசையாக வாங்கினார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. பின்னால் பக்கவாட்டு சீட்டில் உட்கார மாட்டேன் என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டார்.

தெரியாதவர்களுக்கு: பழைய தார் மாடலை நிறுத்தும்போது மஹிந்திரா கடைசியாக விட்ட 700 வண்டிகள் இவை. ஷோரூம் விலை அப்போது 9.99 லட்சம். ஆனந்த் மஹிந்திராவின் கையெழுத்துள்ள பேட்ஜ், பானெட்டிலும் பக்கவாட்டிலும் ஸ்டிக்கர், ஐந்து கம்பி அலாய் வீல், லெதர் சீட் உறை.

விலைதான் குழப்பம். கோவையில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஆறே கால் லட்சம் என்றார்கள். ஆன்லைனில் இதே 700-க்கு ஒருவர் பதினொன்றரை போட்டிருக்கிறார். இன்சூரன்ஸ் பேப்பரில் ஐடிவி நாலே முக்கால். எதை வைத்துப் பேசுவது?

ஒரு விஷயம், துணி டாப்பைக் கழற்றிவிட்டு அப்பா இரும்பு ஹார்டு டாப் போட்டார். டயரும் பெரிய சைஸ், வேறு அலாய். கம்பெனி அலாய் எல்லாம் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன.

ஈரோடு டர்போ:

700 வண்டிதான் இருக்கிறது என்பதால் மட்டும் விலை ஏறாது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ கார் ஞாபகம் இருக்கிறதா? 2016-இல் இந்தியாவுக்கு வெறும் 99 வண்டி, 1.8 லிட்டர், 192 குதிரை. கிட்டத்தட்ட 26 லட்சம் என்று ஆரம்பித்து, அடுத்த வருடமே 20 லட்சத்துக்கு இறக்கினார்கள். புதுசுக்கே அந்தக் கதி. எத்தனை வண்டி வந்தது என்பதைவிட எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

ஆனால் தாரைத் தேடுகிறவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை.

பழைய கன்சல்டிங்:

தம்பி, திருப்பூரில் கன்சல்டிங் வைத்திருந்தவன் நான். இப்போது கடை இல்லை, அதனால் உங்கள் வண்டியில் எனக்குக் கமிஷனும் இல்லை.

நீங்கள் சொன்ன மூன்றில் எதுவுமே சந்தை விலை கிடையாது. ஐடிவி, வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி தரும் உச்சத் தொகை. ஐந்து வருடம் வரை அதற்கு அட்டவணை இருக்கிறது, ஐந்தாவது வருடத்தில் பாதி கழிந்துவிடும். அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் தொகைதான். 700, நிறம், ஒரிஜினல் எதுவும் அதற்குத் தெரியாது. கன்சல்டிங்கில் சொன்ன ஆறே கால் அவர்கள் வாங்கும் விலை. டிங்கரிங், பாலிஷ், வண்டி நிற்கும் நாளுக்கு வட்டி, லாபம் எல்லாம் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். பதினொன்றரை என்பது ஒருவர் ஆசைப்படும் விலை. அந்த விளம்பரத்தைக் குறித்து வைத்து ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அங்கேயே இருந்தால் அந்த விலைக்கு ஆள் இல்லை.

முதலில் 700 என்பதை மறந்துவிடுங்கள். 2018, 2019 சாதாரண தார் சிஆர்டிஇ (இதே டீசல் எஞ்சின் மாடல்), தமிழ்நாட்டுப் பதிவு, சிங்கிள் ஓனர், இதே ஓட்டம், என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். விளம்பரம் போட்டவரைக் கேட்காதீர்கள், விற்று முடித்தவரைக் கேளுங்கள். ஜீப் வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் போனால் இரண்டு மூன்று விலையாவது தெரியும். அதுதான் அடித்தளம். பேச்சுக்கு ஏழரை என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு மேல்தான் 700. எஞ்சின் அதே 2.5 லிட்டர், அதே 105 குதிரை, அதே ஐந்து கியர், அதே 4x4. ஆக, கூடுதல் பணம் முழுக்க அந்த ஸ்டிக்கர், அலாய், சீட் உறை, பேட்ஜ், நிறம் இவற்றுக்குத்தான். அவை அப்படியே இருந்தால் ஒரு லட்சம், நல்ல பார்ட்டி என்றால் ஒன்றரை வரை மேலே கேட்கலாம். இப்போது இருக்கும் கோலத்தில் அந்தக் கூடுதல் கிடைக்காது. 700 தேடி வருகிறவன் கம்பெனி வண்டியைத் தேடி வருகிறான், ஹார்டு டாப் பிடித்தவனுக்கு 700 வேண்டியதில்லை. தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி என்றால் விவரம் தெரிந்தவர்கள் தயங்குவார்கள்.

எனவே பரணில் இருக்கும் அலாயை இறக்கி மாட்டுங்கள். ஹார்டு டாப்பையும் பெரிய டயரையும் தனியாக விற்றால் அதுவே ஒரு தொகை. துணி டாப் இருக்கிறதா? எலி கடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் துரு. முன் கண்ணாடிச் சட்டத்தின் கீல், கதவுக் கீல், கால்மிதி ரப்பரைத் தூக்கினால் தெரியும் தரை, ஹார்டு டாப்புக்காகத் துளை போட்ட இடங்கள். அங்கெல்லாம் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் பொரிந்திருந்தால் சிப்ஸ் மாதிரி உதிரும், அடியில் பழுப்புத் தூள் நிற்கும். வாங்க வருகிறவன் முதலில் குனிவது அங்கேதான். பட்டி போட்டு மறைக்காதீர்கள். காந்தத்தை வைத்துப் பார்ப்பான், ஒரு இடத்தில் ஒட்டவில்லை என்றால் கிலோமீட்டரையும் நம்ப மாட்டான். துருவை அப்படியே காட்டி, வேலைக்கு என்ன ஆகும் என்று ஒரு கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.

பேட்ஜும் ஸ்டிக்கரும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். 700 என்று எழுதிய முதல் இன்வாய்ஸ் இருந்தால் அதுதான் பேசும். சர்வீஸ் பில்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள்.

பாலக்காட்டுத் தமிழன்:

கேரளாவிலிருந்து ஜீப் தேடி நம் பக்கம் நிறையப் பேர் வருவார்கள். ஆனால் வேறு மாநிலத்துக்குப் போனால் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அங்கே மறுபடி வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையை உங்கள் விலையில் கழித்துத்தான் கேட்பார்கள். அதனால் கேரளப் பார்ட்டி வரட்டும், ஆனால் அவரை மட்டும் நம்பி விலை வைக்காதீர்கள்.

இன்னொன்று, டெல்லிப் பதிவு வண்டிகளின் விலையோடு ஒப்பிட வேண்டாம். டீசல் வண்டி பத்து வருடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு அங்கே டீசல் விலையே வேறு கணக்காகிவிட்டது. இங்கே உங்கள் ஆர்.சி. 2034 வரை ஓடும், விளம்பரத்தில் அதைப் போடுங்கள்.

ஈரோடு டர்போ:

விற்பதென்றால் தள்ளிப் போடவும் வேண்டாம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்தபோது புதுத் தாரின் விலை இறங்கியது. புதுசு இறங்கினால் பழசைக் கேட்கிறவனும் இறக்கித்தான் கேட்பான். கடைசி பழைய மாடல் என்பதால் எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒன்று வைத்திருப்பவர்கள் :)

உடுமலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்வாய்ஸ் கிடைத்துவிட்டது, தார் 700 என்றே இருக்கிறது. துணி டாப்பில் ஒரு ஜிப் மட்டும் போயிருக்கிறது. டிரைவர் பக்கத் தரையில் ரூபாய் அளவுக்குத் துரு. எட்டே முக்கால் போட்டு எட்டு வரை இறங்கலாமா? லோன் முடிந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (பேங்க் கடன் பதிவு) இன்னும் இருக்கிறது.

பழைய கன்சல்டிங்:

எட்டே முக்கால் தாராளம். துரு வேலையை முடித்து பில்லோடு காட்டினால் எட்டுக்குக் கீழே போக வேண்டியதில்லை. முதல் வாரத்தில் போன் நிறைய வந்தும் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் ஒரு இருபத்தைந்தாயிரம் குறையுங்கள்.

ஹெச்.பி.யை முதலில் எடுங்கள். பேங்க் என்.ஓ.சி., படிவம் 35. ஹெச்.பி. ஆர்.சி.யில் இருக்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் வாங்க வேண்டாம், பேச்சு நீளும். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அப்பா கையெழுத்து வேண்டும். வெற்றுப் படிவத்தில் போடச் சொன்னால் போடாதீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் எழுதி, எடுப்பவரின் ஆதார் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்த வண்டி ஏழு மணிக்கு எங்காவது இடித்தால் அந்த ஒரு தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

உடுமலைக்காரன்:

சரிங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை அலாயை மாட்டிவிட்டு போட்டோ போடுகிறேன். ஹார்டு டாப், 2019 தாருக்கு அப்படியே உட்காரும், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.