பார்மசி மாணவர்களுக்கு மெய்நிகர் நோயாளி: நடத்தியவர்கள் உண்டா?

தக்கலை ஆசிரியை: பார்ம்.டி. (மருந்தியல் பட்டப்படிப்பு) பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பும் முன் கணினி நோயாளியிடம் பேசிப் பழக்க ஆசை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய மைடிஸ்பென்ஸ் என்ற கணினிப் பயிற்சி மருந்துக்கடையைப் பார்த்தேன். வகுப்பில் யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

மார்த்தாண்டம் ஆசிரியர்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நோயாளியின் கதையை, அதாவது கேஸை, நம்ம ஊருக்கு மாற்றி எழுதுங்கள். நான் எழுதியது இது: குளச்சல் மீனவர், வயது 58, இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் சாப்பிடுகிறவர். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை கேட்டு வருகிறார், அதுவும் டாக்டர் சீட்டு இல்லாமல். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க அண்ணே?" என்று கேட்டால்தான் வார்ஃபாரின் விஷயமே வெளியே வரும். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், அடுத்த திரையில் ஈறில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பு. பிள்ளைகள் ஆடிப்போகிறார்கள். ஆடட்டும், அங்கே யாருக்கும் உயிர் போகாது. முடிந்ததும் உட்கார வைத்துப் பேசுங்கள், பாதிப் பாடம் அதில்தான்.

நாகர்கோவில் மருந்துக்கடை: நம்ம ஆட்கள் பலர் மருந்தின் பெயர் சொல்ல மாட்டார்கள் மேடம். பெயரும் தேதியும் இல்லாமல் வெட்டின மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். அந்தப் படத்தையும் கேஸில் சேருங்கள்.

தக்கலை ஆசிரியை: கண்டிப்பாகச் சேர்க்கிறேன். சார், அந்தக் குளச்சல் கேஸை அனுப்ப முடியுமா?