யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு: வெள்ளவத்தையில் இறங்கினால் போதுமா?

(ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் சொந்த ஊரும் இப்போது இருக்கிற இடமும்.)

உரும்பிராய், இப்போது தெஹிவளை

கொழும்புக்கு மாறப்போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற பதில், நம் ஆட்கள் கூடியிருக்கிற "வெள்ளவத்தையில பார்" என்பதுதான். வேலை எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராஜகிரியவில் வேலை கிடைத்தவனுக்கும் வெள்ளவத்தை, வத்தளையில் வேலை கிடைத்தவளுக்கும் வெள்ளவத்தை. நானும் அப்படித்தான் போனேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் அங்கேயே இருந்திருந்தால் கொழும்பு என்கிற ஊரையே பார்க்காமல் யாழ்ப்பாணத்தின் இன்னொரு பட்டினசபைக்குள் வாடகை கட்டிக்கொண்டு இருந்திருப்பேன். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் 400 கிலோமீற்றர் தாண்டி விடியப்புறம் காலி வீதியில், இருக்கிற ஒழுங்கைக்குக் கிட்டவே இறங்கலாம். அம்மா இடித்து அனுப்புகிற மிளகாய்த்தூள், முருங்கைக்காய், காலம் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் அதே பஸ்ஸில் பார்சலாக வந்துவிடும். தையல்கடையில் அளவு சொல்ல, மருந்துக்கடையில் வருத்தத்தை விளக்க, மரக்கறி பேரம் பேச, எல்லாவற்றுக்கும் தமிழ் போதும். மயூரபதி அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிப் பம்பலப்பிட்டியில் மாணிக்கப் பிள்ளையார், 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கம். பின்னேரம் மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தால் ஊரில் பத்து வருடமாகக் காணாத பள்ளிக்கூடச் சிநேகிதியையும் அங்கே காணலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வீடு தேடும்போதுதான் ஆறுதலின் விலை தெரியும். முதலில் ஒரு அறையை இன்னும் சிலரோடு பங்குபோட்டேன், ஜன்னலைத் திறந்தால் கைநீட்டித் தொடுகிற தூரத்தில் அடுத்த மாடிக் கட்டடத்தின் சுவர். பிறகு தனியாக ஒரு அனெக்ஸ், அதாவது ஒரு வீட்டோடு ஒட்டின தனிப்பகுதி, பார்க்கலாம் என்று தொடங்கியபோது ஆறு மாத அட்வான்ஸ் கேட்டவர்கள் உண்டு, ஒரு வருடத்தை முழுதாக முன்னாலே வை என்றவர்களும் உண்டு. தரகருக்கு வேறு. கல்யாணமாகாத பெண் பிள்ளை தனியாக இருக்கப்போகிறாள் என்றதும் கதையை மாற்றியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்.

நம் ஆட்களிடம் வீடு கேட்டுப் போனால் இன்னொரு பரீட்சை. எந்த ஊர் என்பார்கள். உரும்பிராய் என்றால் உரும்பிராயில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, அப்பாவின் தகப்பன் பெயர் என்ன என்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே போவார்கள். சாதியை அறியத்தான் கேட்கிறார்கள் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 400 கிலோமீற்றர் தாண்டி வந்து, கடலைப் பார்த்த நாலாம் மாடியில் ஏசி போட்டுக்கொண்டு இருந்தும் இந்தக் கேள்வியை விடவில்லையே என்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. மறுபக்கத்தில், தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதும் "அது குடுத்தாச்சு" என்று வைத்துவிட்ட சிங்கள வீட்டுக்காரரும் இருந்தார், அடுத்த கிழமையும் அதே விளம்பரம் அப்படியே கிடந்தது. ஆக இரண்டு பக்கமும் பெயரையும் ஊரையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள், கணக்குத்தான் வேறு.

கடைசியில் கிடைத்தது தெஹிவளையில், காலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், வயதான சிங்களத் தம்பதியின் வீட்டு மேல்மாடி. ஒப்பந்தம் எழுதுகிற நாளில் ஐயா என் அடையாள அட்டையை வாங்கி விலாசத்தைப் பார்த்துவிட்டு, "உரும்பிராய் மம தன்னவா" என்றார். எனக்குத் தெரியும் என்கிறார். எப்படி என்று கேட்டேன். 1996 தொடக்கத்தில் இராணுவத்தில் அங்கே இருந்தேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவின் தோளில் கிடந்த கைக்குழந்தை நான். நாங்கள் திரும்பி வந்தது அடுத்த ஏப்ரலில். இடையில் எங்கள் ஊரில் நின்ற ஆட்களில் ஒருவர் இந்த ஐயா. அவர் பார்த்தது ஆளில்லாத உரும்பிராய். "எல்லா வீட்டிலயும் கிணறு இருந்தது, நல்ல தண்ணி" என்றார், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆன்ரி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று அம்மா கேட்டா. மூன்று மாத அட்வான்ஸ்தான் கேட்டார், தனி வாசல், தனி மீற்றர், ரயில் நிலையம் கிட்ட என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். மற்றதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இன்னும் சொல்லவில்லை.

இந்தத் தெஹிவளை வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குச் சிங்களம் வந்தது. வகுப்புக்குப் போய் இல்லை. மீன்காரரிடம், ஓட்டோ அண்ணையிடம், கரண்ட் போனால் ஆன்ரியிடம் என்று வேறு வழியில்லாமல் வந்தது. வெள்ளவத்தையில் இருந்த காலம் முழுக்க பஸ் நடத்துநரிடம் இடத்தின் பெயரை மட்டும் சொல்லிச் சமாளித்தவள், இப்போது மிச்சக்காசு தராவிட்டால் சண்டை பிடிக்கிறேன். என் கருத்து இதுதான்: வந்த புதிதில் வெள்ளவத்தையில் இருங்கள், தப்பில்லை, ஆனால் கால் ஊன்றியதும் வேலைக்குக் கிட்ட ஒரு இடம் பாருங்கள்.

கொக்குவில், வெள்ளவத்தை

தங்கச்சி எழுதியதை மகன் வாசித்துக் காட்டினான். உங்கள் வயதில் நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நாங்கள் ஏன் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறோம் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும், இது கிணற்றுத்தவளைக் குணம் மட்டும் இல்லை.

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை பூட்டியபிறகு நாங்கள் இராணுவத்திடம் அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து அங்கிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். லொட்ஜில் அறை. தங்கியிருப்பதைப் பொலிஸில் பதிந்த துண்டு இல்லாமல் கடைக்கும் போக மாட்டோம், குளிக்கப் போனாலும் அதைக் கையெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் போவேன். 2007 யூன் 7 விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த தமிழர் 300 பேருக்கு மேல் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்களே, எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தவர்களும் அதில் போனார்கள். சாரத்தோடு இறங்கி வந்த ஒரு ஐயா தன் மருந்துப் பையை எடுக்கவேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது, உண்மை. ஆனால் அன்றைக்கு ஜன்னலால் பார்த்தவளுக்கு, நாலு வீடு தள்ளித் தன் ஊர்க்காரர் இருக்கவேண்டும் என்கிற எண்ணம் சட்டத்தால் போகாது.

இன்னொன்றும் சொல்லவேணும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இடம் மாறலாம். மகன் வரச்சொன்னான் என்று வளவையும் கிணற்றையும் விட்டு வந்து, அஞ்சாம் மாடியில் பகல் முழுக்கத் தனியாக இருக்கிற என்னைப் போன்றவர்கள்? உடுப்புக் காயப்போடவே இடமில்லை. லிப்ற் பழுதாகிற நாளில் கோயிலும் இல்லை. நான் கீழே இறங்கி நடந்துபோய் ஒருவரோடு கதைக்கக்கூடிய ஊர் இந்த ஒரு கிலோமீற்றர்தான். இந்த வயதில் தெஹிவளைக்குப் போய்ச் சிங்களம் பழகு என்றால் எப்படி?

பிள்ளை அந்த வீட்டுக்கார ஐயாவின் கதையை அம்மாவிடம் சொல்லுங்கோ. நாங்கள் நினைப்பதைவிட அம்மாமாருக்குத் தாங்கும்.

கோண்டாவில், கொட்டாஞ்சேனை

இடம் எது என்று அடிபடுகிறீர்கள், எனக்கு வந்த பிரச்சினை வாக்காளர் இடாப்பு. யாராவது சின்னப் பிள்ளையோடு மாறுவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு வீட்டுத் தூரத்தை வைத்து விண்ணப்பித்தால், கடந்த 5 வருடம் அந்த விலாசத்தில் பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்ததா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் பெயரை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறோம், ஊர் வாக்கை விடக்கூடாது, காணி வீடு இருக்கு, திரும்பிப் போவோம் என்று. பெயர் ஒரு இடத்தில்தான் இருக்கலாம். பிள்ளைக்கு அஞ்சு வயதாகும்போது ஓடிப்போய்க் கிராம சேவகரைப் பிடித்தால் காலம் பிந்திவிடும்.

நான் பெயரை மாற்றியபோது அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அவருக்கு அது ஏதோ காணி உறுதியை மாற்றி எழுதிக் கொடுத்த மாதிரி. மகள் இப்போது இரண்டாம் வகுப்பு, வீட்டிலிருந்து நடந்து போகிறாள்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து ஒப்பந்தம் வேண்டாம் என்பார், ஆனால் விலாசத்துக்கு ஆதாரம் கேட்கிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கும்.

பருத்தித்துறை, கட்டுபெத்தை போர்டிங்

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்பதால் எனக்கு வெள்ளவத்தையா தெஹிவளையா என்று தெரிவு செய்கிற கஷ்டமே வரவில்லை, கம்பஸுக்குக் கிட்ட எங்கே கட்டில் கிடைத்ததோ அங்கே விழுந்தேன். மாத்தறை, குருநாகல், மொனராகலைப் பெடியங்களோடு ஒரே வீடு. தமிழ் தெரியாத அவர்களும் சிங்களம் தெரியாத நானும் ஆங்கிலத்தில் கதைத்தோம், அந்த ஆங்கிலத்தை வெளியாள் கேட்டால் சிரிப்பான். ஆனால் விரிவுரையும் ஆங்கிலத்தில்தானே, மாத்தறையான் தடுமாறின இடத்தில்தான் நானும் தடுமாறினேன், அதிலேயே சிநேகிதம் பிடித்தது.

ஒருமுறை ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) வரவழைத்துக் கூழ் காய்ச்சினேன். நண்டும் இறாலும் போட்டதால் இரண்டு பேர் குடித்தார்கள், மொனராகலையான் மணந்து பார்த்துவிட்டு வெளியே போய் மாலு பான் (மீன் பணிஸ்) வாங்கிச் சாப்பிட்டான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவனையும் ஊருக்குக் கூட்டிப்போனேன். கோயிலில் மேற்சட்டையைக் கழற்றச் சொன்னதும் முழித்தான், பிறகு என்னைவிட முன்னுக்குப் போய் நின்றான். அம்மா அவனுக்குத்தான் பெரிய மீன்துண்டு வைத்தா, அதை நான் மறக்க மாட்டேன்.

ஊருக்குப் போகிற ஆட்களுக்கு ஒரு விஷயம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபிறகு எனக்கு பஸ்ஸே பிடிப்பதில்லை, ஆனால் தைப்பொங்கல், நல்லூர், நீண்ட வார இறுதி என்றால் ஆசனப் பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும். 25 நாள் திருவிழா, எப்படியும் ஒரு நாள் கிடைக்கும் என்று இருக்காதீர்கள், எல்லாருக்கும் தேரும் தீர்த்தமும்தான் வேண்டும்.

உரும்பிராய், இப்போது தெஹிவளை

கொக்குவில் அன்ரி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை. நான் எழுதியது வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கோ. லொட்ஜ் காலத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் கதைத்துக் கேட்டதுதான், குளிக்கப் போனாலும் பதிவுத் துண்டைக் கையெட்டுகிற இடத்தில் வைத்தது போன்ற விபரம் யாரும் சொன்னதில்லை. ஆனால் வெள்ளவத்தைக்கு வெளியே போனால் மட்டும்தான் ஆபத்து என்று இல்லையே, அந்த யூன் 7 அன்று ஏற்றினதே வெள்ளவத்தையிலும்தான்.

தனி மீற்றர் என்றால் என்ன என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டீர்கள். கரண்ட் யூனிற் கூடக்கூட ஒரு யூனிற்றின் விலையும் ஏறும். கீழ்வீடும் அனெக்ஸும் ஒரே மீற்றரில் ஓடினால் இரண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து மேல் கட்டத்துக்குப் போய்விடும், பிறகு பில்லைப் பாதியாகப் பிரித்தால் ஒரு ஃபானும் ஒரு பல்பும் வைத்திருக்கிற நீங்கள் அவர்களுடைய ஏசிக்குக் கட்டுவீர்கள். தண்ணீருக்கும் இதே கதைதான். பார்க்கப் போகும்போது மீற்றர் பெட்டி எங்கே என்று கேட்டு, கண்ணால் பார்த்து, முதல் நாள் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அந்த வீடு வேண்டாம்.

நாரஹேன்பிட்டியில் வேலை, எங்கே இருக்கலாம் என்று உள்பெட்டியில் கேட்ட தங்கச்சிக்கு: வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் நேரே போகும். தெஹிவளை என்றால் 100 அல்லது 101இல் வந்து மாறவேண்டும், காலையில் அது கொஞ்சம் இடிபாடுதான். உங்களுக்கு நான் வெள்ளவத்தையே நல்லது என்பேன். நுகேகொடை, மகரகமப் பக்கம் வேலை என்றால் மட்டும் 138 ஓடுகிற ஹைலெவல் வீதியை ஒட்டிப் பாருங்கள், அதே காசுக்கு ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிற அறை கிடைக்கும்.