சமூகப் பொறுப்பு: லாபத்தில் ஒரு பங்கா, லாபம் வரும் வழியா?

மறுபக்கம்:
நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பெரும்பாலும் வெள்ளையடிப்புதான். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கிருந்து ஆடை வாங்கிய நிறுவனங்கள் பலவற்றிடம் அழகழகான நடத்தை விதிகள் இருந்தன. முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் ஆலை நடத்தியவர்கள் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள். விதிகள் யாரைக் காப்பாற்றின?

கணக்குப்பிள்ளை:
ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் இடிக்காதீர்கள். கறுப்பு ஈ கடித்துப் பரவும் ஆற்றுக் குருடு நோய் கண்ணையே பறித்துவிடும். அதற்கான ஐவர்மெக்டின் மருந்தை, வேண்டிய அளவுக்கு, வேண்டிய காலம் வரை இலவசமாகத் தருவதாக மெர்க் நிறுவனம் 1987இல் அறிவித்தது, இன்றும் தருகிறது. 2013இல் கொலம்பியா அந்த நோயை ஒழித்த முதல் நாடானது. நோயாளிகளிடம் காசில்லை. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு மாத்திரைகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

மறுபக்கம்:
மெர்க் செய்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. (இந்த விவாதத்தில் எல்லோரும் அதையே எடுத்து வருவதும் கவனிக்கத்தக்கது.) பொது நடைமுறைக்கு வாருங்கள். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. மீதி 98 எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆற்றில் கழிவைக் கலந்துவிட்டு அதே கரையில் பள்ளிக்கூடம் கட்டினாலும் கணக்கு நேராகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
கழிவைக் கேட்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அது தூங்கினால் பள்ளிக்கூடத்தின் மீது ஏன் கோபம்?

இடைமறிப்பவன்:
ராணா பிளாசாவுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு உடன்படிக்கையை இருவரும் விட்டுவிட்டீர்கள். தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கையெழுத்திட்டது; சட்டப்படி கட்டுப்படுத்துவது. தனிப் பொறியாளர்கள் ஆலை ஆலையாக ஏறிப் பார்த்தார்கள், அறிக்கைகளும் வெளியாயின.

கணக்குப்பிள்ளை:
அதில் கையெழுத்திடும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. அதுவும் சமூகப் பொறுப்புதான்.

மறுபக்கம்:
உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது இட்ட கையெழுத்து அது. விபத்துக்கு முன்னால் யார் முன்வந்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
வந்தார்கள். அதே போன்ற ஒப்பந்தத்தில் 2012இலேயே பிவிஎச், சிபோ என்ற இரு நிறுவனங்கள் கையெழுத்திட்டன. நடைமுறைக்கு வரப் போதுமான நிறுவனங்கள் சேரவில்லை.

மறுபக்கம்:
சேராதவர்களிடமும் நடத்தை விதிகள் இருந்தனவே! என் வாதத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.