ஓடாத லிஃப்ட் எல்லாம் முதுகலைப் பாடமா?

எண்கணக்கு: நேற்று ஒரு விரிவுரையாளர் இங்கே எழுதியிருந்தார். புயல், வெள்ளம், தொற்று என்று ஊர் அல்லாடும் காலத்தில்தான் பொதுச் சுகாதார முதுகலை மாணவர்களுக்கு நோயின் சமூகக் காரணங்களைச் சொல்லித்தர வேண்டுமாம். அதற்காக, கூவம் போன்ற ஆற்றங்கரைக் குடிசைவாசிகளை அரசு அடுக்குமாடிகளில் குடியேற்றிய சென்னைப் பெரும்பாக்கத்துக்கு அழைத்துப்போய், ஓடாத லிஃப்டைப் பற்றிக் கட்டுரை எழுத வைத்திருக்கிறார். லிஃப்டுக்கு மெக்கானிக் போதாதா?

தரமணிவாசி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் அங்கே இருந்தேன் ஐயா. மின்சாரம் இல்லை. காலில் சர்க்கரைப் புண்ணோடு ஏழாவது மாடியில் ஒரு பாட்டி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமலிருக்கப் புடவையால் கட்டி, நான்கு பையன்கள் இறக்கினார்கள். படி திரும்பும் இடமெல்லாம் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. அவர் கூவம் கரையிலேயே இருந்திருந்தால் ஆட்டோ வாசலுக்கு வந்திருக்கும்.

எண்கணக்கு: 2015 வெள்ளத்தில் அந்த வாசலுக்கு ஆட்டோவா வந்தது, படகா? ஒரு பாட்டியை வைத்துப் பாடத்திட்டம் போடுகிறீர்கள். லிஃப்டுக்கு வாருங்கள்.

பழைய வாத்தியார்: 1848இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் பரவியபோது விசாரிக்கப் போன ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, மருந்துச் சீட்டோடு திரும்பவில்லை. கல்வியும் சுதந்திரமும் வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பாவே புரட்சியில் கொதித்த வருடம் அது. கலவரம் அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எண்கணக்கு: விர்ஹோ எந்த லிஃப்டில் ஏறினார்?

பழைய வாத்தியார்: முப்பது வருடம் பாடம் நடத்தியவனிடம் இந்த எகத்தாளம் வேண்டாம். மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம் நோயின் சமூகக் காரணங்களைப் பற்றி 2008இல் தந்த அறிக்கையைப் புரட்டியாவது பார்த்திருக்கிறீர்களா?

எண்கணக்கு: பார்த்தேன். லிஃப்ட் கண்ணில் படவில்லை. 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பிறகு எதற்குப் பாட்டி இறங்க வேண்டும்?

தரமணிவாசி: புண்ணுக்குக் கட்டுப்போட! மாத்திரைப் பையோடு அத்தனை படியும் ஏறுகிற பெண்ணின் முழங்காலையும் கேளுங்கள்.

அலைகடல்: அது எட்டு மாடிக் கட்டடம் என்றுதான் கேள்விப்பட்டேன். ஏழு என்கிறாரே? குடிநீர் விவாதத்திலும் தரமணிவாசி இப்படித்தான் அளந்துவிட்டார்.

தரமணிவாசி: தரைத்தளத்துக்கு மேல் ஏழு. எண்ணத் தெரியாதவர்கள் என் குடிநீர்க் கணக்கைப் பேசுகிறார்கள்!

பழைய வாத்தியார்: ஏழோ எட்டோ, பேச்சு மாணவர்களைப் பற்றியது.

எண்கணக்கு: இல்லை, லிஃப்டைப் பற்றியது. கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.