27-வது கிலோமீட்டரில் உட்கார்ந்த அன்று

ராத்திரி முழுக்க மழை பெய்து, விடிவதற்குள் விட்டிருந்தது. ஐப்பசி மாதம். ஜனவரியில் சென்னையில் என் முதல் ஃபுல் மாரத்தான், 42 கிலோமீட்டர் சொச்சம். பயிற்சி அட்டவணைப்படி அன்றைக்கு 32 கிலோமீட்டர். நாலு மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் கானத்தூர் பக்கம் வரை போய்த் திரும்பணும். மழை பெய்து ஓய்ந்த காலை, வெயில் தொல்லை இல்லை, லாங் ரன்னுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ஐந்து பேரும் பேசிக்கொண்டே ஓட ஆரம்பித்தோம்.

அந்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். போக வர இரண்டு ராத்திரி ரயிலில் சரியான தூக்கமில்லை. அதைக் குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் தூரத்தைக் குறைக்கச் சொல்வார்கள் என்று தெரியும்.

என் லாங் ரன் வேகம் கிலோமீட்டருக்கு ஏழேகால் நிமிடம். அன்றைக்கு 6:50-இல் போய்க்கொண்டிருந்தோம், சுலபமாகத்தான் இருந்தது. நீலாங்கரை தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இதயத் துடிப்பு 158. வழக்கமாக அந்த இடத்தில் 142, 145 தான் இருக்கும். கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, பட்டையை ஒரு துளை இறுக்கிக்கொண்டேன். அன்றைய ஓட்டத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். 27-இல் உட்கார்ந்ததை எல்லோரிடமும் சொல்கிறேன், ஆனால் ஓட்டம் கையைவிட்டுப் போனது எட்டிலேயே.

காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்து சொட்டும், அவ்வளவுதான். ஆவியானால்தான் உடம்பு குளிரும். குளிராத உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். வெப்பமானி 26 டிகிரிதான் காட்டியது. ஆனால் பத்தாவது கிலோமீட்டரிலேயே என் ஷூவுக்குள் சளக் சளக்கென்று சத்தம். சாலையில் தேங்கிய மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். அது கால் வழியே இறங்கிய என் வியர்வை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் புழுக்கம் விடவில்லை. ஆண்கள் ஓட்டத்தில் 106 பேர் கிளம்பி 30 பேர் முடிக்காமல் நின்றார்கள். அவர்களுக்கே அப்படி.

பனையூர் வரும்போது தலை கனத்தது. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் குடித்தேன். கிளம்பியதிலிருந்து மூன்று லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர், ஓட்டத்தின் நடுவே சாப்பிடுகிற சர்க்கரைக் கூழான ஜெல் ஒரே ஒரு பாக்கெட், உப்பு என்று எதுவுமில்லை. மோதிரம் விரலில் இறுகியது. ஈஞ்சம்பாக்கத்தில் குழுவினரை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். நீலாங்கரைக்குக் கிட்டே, ஏழரை மணி இருக்கும், வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. திடீரென்று கை முழுக்கப் புல்லரித்தது. அந்த வெயிலில் குளிர்! அதற்கு மேல் ஓடக் கூடாது என்று அந்த ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நின்றேன்.

சாலையோரம் இளநீர்க் கடை. அப்போதுதான் குலைகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, மயக்கமா வருதா? இப்படி நிழல்ல குந்து" என்று ஒரு சாக்கை மடித்துப் போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். இரண்டு மடக்கு குடித்ததும் வாந்தி. அவர் பதறவில்லை. தன் தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றின் நீராகாரத்தை மூடியில் ஊற்றி, கல் உப்பை விரலால் நசுக்கிப் போட்டுக் கலக்கினார். "மடமடன்னு குடிக்காத, நாக்க நனைச்சிக்கோ." அது வயிற்றில் தங்கியது. மூடியின் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார்.

தலைவலி விடாததால் அன்றைக்கே டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் சோடியம் 131. 135-க்குக் கீழே போகக் கூடாதாம். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி மிச்சத்தையும் நீர்க்க வைத்திருக்கிறேன். இது முற்றினால் வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காரியம் செய்தேன். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும், ஓடி முடித்துத் துடைத்துக்கொண்ட பின்னும் எடை பார்த்தேன். ஒரு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. நடுவில் குடித்தது 300 மில்லி. அப்படியானால் மணிக்குச் சுமார் 1.4 லிட்டர் வியர்வை. அதை முழுக்கத் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. இப்போது தாகத்துக்குத் தக்கபடி குடிக்கிறேன், ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கட்டாயம். மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து போகிற மாதிரி ஜெல்லும் பேரீச்சையும். புழுக்கமான நாளில் வேகத்தைப் பார்ப்பதே இல்லை, துடிப்பு 148-ஐத் தாண்டினால் நடந்துவிடுகிறேன். போன ஞாயிறு 32 முடித்தேன். நாலு மணி பத்து நிமிடம் ஆனது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் கோவை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், பன்னிரண்டு சுற்று போனால் 30. ஒவ்வொரு சுற்றிலும் நம்ம வண்டி நிற்கிற இடத்தைத் தாண்டிப் போகணும், அதுதான் கொடுமை. எனக்கு அடி வாங்கியது காலில். புது சாக்ஸ், புது ஷூ, நடுவில் அரைமணி மழை. ஏழாவது சுற்றில் குதிகாலில் ஏதோ மடிந்து மடிந்து உரசியது. கழற்றிப் பார்க்கச் சோம்பல். பன்னிரண்டும் முடித்துக் கழற்றினால் சாக்ஸோடு தோலும் வந்தது. மூன்று வாரம் செருப்புதான். இப்போது பந்தய நாளுக்கு என்று எதையும் தனியாக எடுத்துவைப்பதில்லை. அன்றைக்குப் போடப்போகிற சாக்ஸ், ஷூ, டிஷர்ட் எல்லாம் குறைந்தது இரண்டு லாங் ரன் பார்த்திருக்கணும். உரசுகிற இடமெல்லாம் கிளம்புவதற்கு முன்பே வாசலின்.

* * *

அக்கா, நீங்கள் 27-இல் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், நான் நிற்காதவன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேலேயே விரல் வைத்தால் ஒரு ரூபாய் அளவு இடத்தில் வலி. அட்டவணையில் 30 இருக்கிறதே என்று வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு ஓடினேன், 22-இல் இன்னொன்று. எம்ஆர்ஐயில் எலும்பில் விரிசல் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டமே இல்லை, அந்த வருஷ மாரத்தானும் போச்சு. வியர்த்துக்கொட்டும் உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்று டாக்டர் திட்டினார். தசை வலி பரவலாக இருக்கும், ஓட ஓடக் கொஞ்சம் தளரும். ஒரே புள்ளியில் நின்று, ஓட ஓட ஏறினால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

* * *

நன்றி தம்பிகளா. ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்றைக்கு என்னிடம் காசு இல்லை, வீட்டுக்காரரும் அவசரத்தில் பர்ஸ் எடுக்காமல் வந்துவிட்டார். போன ஞாயிறு 27-வது கிலோமீட்டரில் அந்த அக்கா அதே இடத்தில் இருந்தார். பையில் மடித்து வைத்திருந்த பணத்தை நீட்டினேன். ஒரு இளநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையிலேயே திணித்தார். "இன்னிக்கு மூஞ்சி நல்லா கீது, ஓடு" என்றார்.