குதிக்கும் முன் மேக உயரம்: எதை நம்புவது?

கேள்வி: சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் விமானத்திலிருந்து 10,000 அடியில் பாராசூட்டோடு குதிக்கத் திட்டம். கைப்பேசிச் செயலி "பாதி மேகம்" என்கிறது. எத்தனை அடியில் என்று சொல்வதில்லை. எங்கே பார்ப்பது, அண்ணே?

பதில் 1: செயலியை விடுங்க தம்பி. பக்கத்து ஈப்போ விமான நிலையத்தின் மெட்டாரைப் பாருங்க, அதாவது விமானிகளுக்கான வானிலை அறிக்கை. நிலையத்தின் குறியீடு டபிள்யூஎம்கேஐ (WMKI). அதில் "பிகேஎன்025" (BKN025) என்றால் வானத்தின் எட்டில் 5 முதல் 7 பங்கு மேகம், அடிப்பகுதி 2,500 அடி. எஸ்சிடி (SCT) என்றால் எட்டில் 3-4 பங்கு. அந்த உயரம் விமான நிலையத் தரையிலிருந்து கணக்கு. நீங்க இறங்கும் திடல் அதைவிட மேடாக இருந்தால் வித்தியாசத்தைக் கழிங்க. வரியில் சிபி (CB, இடிமேகம்), டிசியு (TCU, இடிமேகமாக வளரக்கூடிய உயரமான பஞ்சுமேகம்) என்று இருந்தால் அன்றைக்குக் குதிக்க வேண்டாம். இடிமேகத்துக்குள் பாராசூட்டையே மேலே இழுக்கும் காற்று இருக்கும்.

பதில் 2: மெட்டாரில் "32/24" என்று வரும்: செல்சியஸில் வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை). வித்தியாசம் 8, 400-ஆல் பெருக்கினால் மேக அடிப்பகுதி சுமார் 3,200 அடி. வெயிலில் கிளம்பும் பஞ்சுமேகத்துக்கு மட்டுமே இது பொருந்தும். மழை விட்டதும் தாழ்வாகப் படரும் மேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது.

பதில் 3: மெட்டார் சொல்வது ஈப்போ வானத்தை, உங்கள் திடலின் வானத்தை அல்ல. தித்திவாங்சா மலையோரம் மதியத்துக்கு மேல் மேகம் சீக்கிரம் திரளும், அதனால் காலையிலேயே முடிச்சிடுங்க. விமானம் ஏறும்போது விமானியிடம் மேக அடிப்பகுதியின் உயரத்தைக் கேளுங்க. கதவு திறந்ததும் இறங்கும் திடல் கண்ணுக்குத் தெரியலையா, குதிக்காதீங்க.